நாளை மத்தியானக் கப்பல்

தகப்பனின் கன்னத்தில் சவர்க்கார நுரையைப் பூசிக் கத்தியை வைத்த நோபேட், ஒரு விரலகலம் வழித்ததும் நிறுத்திவிட்டான்.

“மச்சாள், நீங்க அங்காலை போங்கோ. நான் தனியச் செய்வன்.”

“தலையை ஆர் பிடிக்கிறது? செத்த ஆளின்ரை தலை நிக்காது, நோபேட். சரிஞ்சு சரிஞ்சு போகும்.”

மாக்ரெட் தண்ணீர்க் கிண்ணத்தைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். மாமனார் வலன்ரைனின் தலையை இரண்டு கைகளாலும் ஏந்தி, அந்த ஒடுங்கிய கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் காலை வெளிச்சம் வரும் ஒரே யன்னலை நோக்கித் திருப்பினாள். உயிரோடு இருக்கிறவனுக்குச் சவரம் செய்யும்போது அவனே கன்னத்தை உப்பியும் உதட்டை இழுத்தும் பாதி வேலையைச் செய்துவிடுவான். பிணம் ஓர் உதவியும் செய்யாது. ஒருவர் தோலை இழுத்துப் பிடித்தால்தான் கத்தி ஓடும். கல்யாணத்துக்கு முன் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வாட்டு வேலை பார்த்தபோது மாக்ரெட் இதையெல்லாம் பழகியிருந்தாள்.

கத்தி மறுபடி இறங்கியது. நுரையோடு ஆறு நாள் நரைமயிரும் வழிந்து வந்தது. அதன் கீழே, தாடையில், ஒற்றுத்தாளில் விழுந்த மைபோல ஊதாக் கறுப்பாய் ஒரு பட்டை. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. காதுக்குக் கீழே இன்னொன்று. மூடியிருந்த இமையைப் பெருவிரலால் மெல்ல உயர்த்தினாள். வெள்ளைவிழி இருக்கவேண்டிய இடமெல்லாம் இரத்தம்.

அவளுடைய கை சட்டையின் மேல் பொத்தானுக்குப் போனது. நோபேட் அதை எட்டிப் பிடித்தான்.

“சட்டையைக் கழட்ட வேண்டாம்.”

“கழட்டாமல் எப்பிடிக் குளிப்பாட்டுறது?”

“முகத்தையும் காலையும் துடைச்சாக் காணும். சட்டைக்கு மேலாலை கோட்டைப் போடுவம்.”

அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மறுபடி தோலை இழுத்துப் பிடித்தாள்.

வைசூரி எல்லாரிலும் ஒரே மாதிரி வருவதில்லை. வழக்கமாக மூன்று நாள் காய்ச்சல், பிறகு முகத்திலும் கையிலும் முத்து முத்தாகக் கொப்புளம். அதைத் தெருவில் போகிறவனும் கண்டுபிடிப்பான். ஆனால் ஒரு சிலருக்குக் கொப்புளம் போட நேரமே கிடைக்காது. தோலுக்கு அடியில் இரத்தம் கசிந்து பட்டை பட்டையாகக் கறுக்கும். ஐந்தாம் ஆறாம் நாள் ஆள் முடிந்துவிடும். வாட்டில் அதற்குக் கறுத்த அம்மை என்று பெயர். மூன்றாம் நாள் வந்த மருந்துச்சாலைக்காரர் இஸ்ஸதீன் சட்டைக்கு மேலாகக் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சுச் சளிக்காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்துப் போயிருந்தார். மாக்ரெட் கண்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் காணவில்லை. மருமகள் மாமனாரின் உடம்பைப் பார்ப்பதில்லை. கஞ்சியைக் கதவடியில் வைத்துவிட்டு வருவாள். உள்ளே ஊட்டியதும் துடைத்ததும் நோபேட்தான்.

நாளை மத்தியானம் கப்பல். உலகச் சண்டை முடிந்ததிலிருந்து சிங்கப்பூர்க் கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. எட்டு மாதம் காத்திருந்து அவளுக்கும் நாலு வயது மகள் பிறிஜெற்றுக்கும் மேற்தட்டில் இடம் கிடைத்திருந்தது. புருஷன் ஒஸ்வால்ட் அங்கே துறைமுகத்தில் கிளாக்கர். அலைந்து திரிந்து ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கும் வேலை எடுத்திருந்தான். முதலாம் திகதிக்குள் வந்து பொறுப்பெடுக்காவிட்டால் வேலையும் போகும், அதோடு வரும் இரண்டு அறை வீடும் போகும் என்று கடைசிக் கடிதத்தில் இரண்டு முறை கோடிட்டு எழுதியிருந்தான். நாலு நாளுக்கு முன் கப்பல் ஏஜென்சியில் அவள் ஒரு தாளில் ஒப்பமிட்டாள். வீட்டில் பதினாலு நாளுக்குள் எவருக்கும் காய்ச்சல் கண்டதில்லை என்பது அதில் ஒரு வரி. “தடிமன் காய்ச்சலெல்லாம் அவங்களுக்கு எழுதவேணுமே பிள்ளை? கையெழுத்தைப் போட்டிட்டு வா,” என்று அறைக்குள்ளிருந்து சொன்னவர் மாமாதான்.

பிணத்துக்குக் கோட்டை மாட்டியபடியே அவள் பின்னோக்கி எண்ணினாள். காய்ச்சல் ஆறு நாள். அதற்கு முன் நோய் உடம்புக்குள் சத்தமில்லாமல் இருப்பது பன்னிரண்டு நாள். பதினெட்டு நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வலன்ரைன் துறைமுகத்தில் தண்ணீர்ப் படகின் தலைவர், தண்டயல். வந்து நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோவது அவருடைய படகு. குழாயைப் பூட்டிவிட்டால் தாங்கி நிரம்ப இரண்டு மணித்தியாலம் ஆகும். அதுவரை வேலையில்லை. அந்த ஞாயிறு அவர் பம்பாயிலிருந்து வந்த கப்பலில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

“நீ போற கப்பலின்ரை கொம்பனிக் கப்பல்தான் பிள்ளை. எல்லாம் பாத்தனான். எஞ்சின் பக்கம் படுக்காதை, வேகும். குசினிப் பக்கம் புகை. நடுவிலை, படிக்குக் கீழை நல்ல இடம். அங்கை ஒரு லஸ்கர், கப்பல் வேலைக்காரன், இழுத்துப் போர்த்துக்கொண்டு கிடந்தான். தண்ணி கேட்டான், பாவம். குடுத்திட்டு, அவன்ரை பாயிலையே இருந்து அளந்து பாத்தனான். நீயும் பிள்ளையும் தாராளமாய்க் காலை நீட்டலாம்.”

மாக்ரெட் பவுடரை எடுத்தாள். தாடையில், காதின் கீழே, கழுத்துப்பட்டி முடியும் இடம் வரைக்கும் பூசினாள். பிணத்தைப் பெட்டிக்குள் கிடத்தி, கைகளுக்கு வெள்ளைக் கையுறை போட்டார்கள். விரல்களுக்கிடையில் செபமாலையைச் சுற்றி, சிலுவையில் யேசு தொங்கும் பாடுபட்ட சுருவத்தை நெஞ்சில் நிறுத்தினார்கள். பவுடர் பூசிய முகம் நல்ல வடிவாக இருந்தது.

பத்து மணியிலிருந்து சனம் வரத் தொடங்கியது. மட்டக்குளியிலிருந்து படகுக்காரர், களனியிலிருந்து சம்பந்தி வீட்டார், தெருவின் இரண்டு பக்கத்தாரும். கத்தோலிக்கர் செத்தவீட்டில் வருகிறவர் முழந்தாளிட்டு ஒரு மந்திரம் சொல்லி, எழுந்து, செத்தவரின் நெஞ்சிலிருக்கும் சுருவத்தை முத்தமிடுவார். நெருங்கினவர்கள் நெற்றியையும் முத்தமிடுவார்கள். பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து முத்தமிட வைப்பார்கள். வாட்டில் இப்படி ஒருவர் செத்தால் காபோலிக் கிருமிநாசினியில் ஊறிய துணியால் சுற்றி, பெட்டியை அடைத்து, பெற்ற தாயையும் கிட்ட விடமாட்டார்கள்.

துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வைசூரி தடுக்கும் அம்மைப்பால் குத்தியிருக்கும். அவளுக்கும் மகளுக்கும் பயணப் பத்திரத்துக்காக ஐந்து கிழமைக்கு முன் குத்தியாயிற்று, பொருக்கும் உதிர்ந்துவிட்டது. ஆனால் அம்மைப்பால் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். வருடங்கள் போக உடம்பு அதை மறந்துவிடும். மாமாவின் தோளிலும் பழைய தழும்பு இருந்தது. முப்பது வருடத் தழும்பு.

மகளைப் பின்னறையில் படுக்க வைத்துவிட்டு அவள் தலைமாட்டில் நின்றாள். கைக்குள் காபோலிக் நனைத்த லேஞ்சி. ஒவ்வொருவர் முத்தமிட்டு நிமிர்ந்ததும் சுருவத்தைத் துடைத்தாள்.

“என்னடி இது?” செத்தவரின் தங்கை கத்தரீன் மாமி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “எங்கடை அண்ணன்ரை சுருவத்தைச் சாப்பாட்டு மேசை மாதிரித் துடைக்கிறாய்? கப்பல் ஏறமுதலே துரைச்சாணி ஆயிட்டியோ?”

“சிங்கப்பூரிலை முத்தத்துக்கும் துவாய் குடுப்பினமாக்கும்,” என்றான் ஒரு படகுக்காரன். பின்வரிசையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

“ஆக்கள் கூட, மாமி. வியர்வை படுது,” என்றாள் மாக்ரெட்.

ஒன்றரை மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சீனியம்மா வந்தாள். ஒன்பது குடும்பத்துக்கு ஒரு பைப் உள்ள அந்தத் தோட்டத்து வரிசை அறைகளில் அவளுக்கு அறை பிடித்துக் கொடுத்தவர் வலன்ரைன். இடுப்பில் பத்து மாதப் பேரன். போன மாதம் அம்மைப்பால் குத்துகிறவர் வந்தபோது அவனை அண்டாவுக்குள் வைத்து மூடி ஒளித்த கதையை அவள் பைப்படியில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தாள். மாக்ரெட்டும் கூடச் சிரித்தாள்.

“நாங்க வேற சாமி கும்புடுறவுங்கதான். ஆனா ஐயா எங்களுக்குச் சாமி மாதிரி,” என்று சீனியம்மா மூக்கைச் சிந்தினாள். “புள்ளைக்குக் கடைசியா ஐயா மொகத்தக் காட்டிப்புட்டுப் போறேன், தாயி.”

மாக்ரெட் குறுக்கே வந்து நின்றாள். “குழந்தையைக் கொண்டுவராதையுங்கோ.”

சீனியம்மாவின் முகம் மாறியது. “ஏன் தாயி? எங்க புள்ள தொட்டா ஒங்க சாமிக்குத் தீட்டா?”

சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது வாய்வரைக்கும் வந்து நின்றது. கத்தரீன் மாமி எழுந்து மாக்ரெட்டின் தோளைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளினாள். “செத்தவீட்டிலை சாதி பாக்கிறியோ? நீ வா சீனியம்மா.” குழந்தையைத் தானே வாங்கிப் பெட்டிக்கு மேல் குனிய வைத்தாள். பளபளப்பைக் கண்ட குழந்தை சுருவத்தை இரண்டு கையாலும் பிடித்து, வாய்க்குள் வைத்துச் சப்பியது. எல்லாரும் கண்ணீரோடு சிரித்தார்கள்.

மாக்ரெட் பின்பக்கம் போனாள். கிணற்றடியில் நோபேட் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

“மாமாக்கு என்ன வருத்தம் எண்டு உனக்குத் தெரியுமோ?”

“தெரியும்,” என்றான். “நாலாம் நாள் பப்பா சொன்னவர். துறைமுகத்திலை இருக்கிற மனிசனுக்குத் தெரியாதே? சட்டையைக் கழட்டாதை, மாக்ரெட்டைக் கிட்ட விடாதை, ஒரு பார்வையிலை கண்டுபிடிச்சிருவாள், கண்டால் பயணம் போகமாட்டாள் எண்டவர். சத்தியம் வாங்கினவர்.”

“உனக்கு?”

“எனக்கு ரெண்டு வருசத்துக்கு முதல் குத்தினது. எனக்கு ஒண்டும் வராது.” அவளுடைய கண்ணைப் பார்த்தான். “நீங்க நாளைக்குப் போங்கோ மச்சாள். பிறகு நான் சொல்லுறன், கட்டாயம் சொல்லுறன்.”

“நாளைக்கே சொல்லுவியோ?”

“நாளைக்கு எப்பிடிச் சொல்லுறது? கம்பியில்லாத் தந்தி அடிச்சு உங்களை அங்கை இறங்க விடாங்கள். நீங்க இறங்கி அண்ணனோடை வீட்டுக்குப் போனாப் பிறகு. ஆறு நாள். கூடினால் ஏழு.”

மாக்ரெட் மறுபடி எண்ணினாள். நோய் உள்ளே போனபின் வேர்பிடிக்க அதற்குப் பன்னிரண்டு நாள் வேண்டும். அம்மைப்பாலுக்கு எட்டு நாள் போதும். பிந்திப் புறப்பட்டாலும் அது நோயை முந்திக்கொள்ளும். ஆனால் எவ்வளவு பிந்தலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: மூன்று நாள், மிஞ்சினால் நாலு. ஏழாம் நாள் அந்தக் குழந்தைக்குக் குத்துவதும் குத்தாமல் விடுவதும் ஒன்றுதான்.

“ஏழு நாள்,” என்றாள்.

“பப்பா கேட்டது உது ஒண்டுதான் மச்சாள்.”

அவள் காபோலிக்கைக் கையில் ஊற்றி முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். சாறியை மாற்றினாள். வாசலால் இறங்கும்போது கத்தரீன் மாமியின் குரல் பின்னால் வந்தது. “பாத்தீங்களே! பிரேதம் இன்னும் எடுக்கேலை, கப்பல் ரிக்கற்றுக்கு ஓடுறாள்!” நோபேட் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூப்பிடவில்லை.

ட்ராம் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. மூடின பெட்டிக்குள் நாற்பது பேர் ஒரே மூச்சைத்தான் மாறி மாறி விடுவார்கள். சனம் இல்லாத ஓரமாக வெயிலில் நடந்தாள். செத்தவீட்டுக்காக வெள்ளைக்கொடி கட்டியிருந்த தெரு முடிந்து, சந்தை முடிந்து, சுகாதாரக் கந்தோரின் படியில் ஏறும்போது மணி மூன்று.

உள்ளே பரிசோதகர் ராசிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஒக்காருங்க. என்ன விஷயம், செல்லுங்க.”

அவள் கதவடியிலேயே நின்றாள். “முதல்லை ஒரு குழந்தை, ஐயா. பத்து மாசம். பால் குத்தேலை. இண்டைக்கு ஒண்டரை மணிக்குத்தான் வாயிலை பட்டது. இன்னும் நேரம் இருக்கு.” பிறகு அந்தச் சொல்லைச் சொன்னாள்.

ராசிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஒரு தாளை இழுத்தார். அவள் வந்தவர்களை வந்த ஒழுங்கிலேயே, வீடு வீடாக, ஊர் ஊராகச் சொன்னாள். மட்டக்குளிப் படகுக்காரர் எத்தனை பேர், களனிக்காரர் எந்த ரயிலில் திரும்புவார்கள், யார் நெற்றியையும் முத்தமிட்டார்கள். அவருடைய பேனை நிற்காமல் ஓடியது. நடுவில் எழுந்து போய் யாருக்கோ டெலிபோன் பண்ணிவிட்டு வந்தார்.

“மவுத்தானவரு ஒங்களுக்கு யாரு?”

“மாமா. புருஷன்ரை தகப்பன்.”

“வீட்டுல வேற யாரு ஈக்கிற?”

“நானும் மகளும் புருஷன்ரை தம்பியும்.”

“இனிப் பதினாறு நாளைக்கு ஒருத்தரும் வாசலத் தாண்ட ஏலா. வெளங்குதா? யாருக்காச்சும் பயணம் கியணம் ஈக்கா?”

யன்னலுக்கு வெளியே ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. அவள் அது போய் முடியும் வரைக்கும் பார்த்திருந்தாள்.

“இல்லை,” என்றாள். “பயணம் ஒண்டும் இல்லை.”

அவர் தாளைத் திருப்பி, மேசையின் விளிம்புவரை தள்ளி வைத்து, பேனையையும் அதன்மேல் வைத்தார். அவள் கிட்ட வந்து குனிந்து, முழுப்பெயரையும் நிதானமாக எழுதிக் கையொப்பமிட்டாள். பிறகு பேனையை நீட்டினாள்.

அவர் கையை நீட்டவில்லை. அதை அங்கேயே வைக்கும்படி கண்ணால் காட்டினார்.