வலது முன்கால்

நூலின் முனை உள்ளே மெல்ல முட்டியதும் அவள் விரல்களை நிறுத்தினாள். இன்னும் கொஞ்சம் தள்ளினால் ரத்தக்குழாய் கிழிந்து மூளைக்குள் ரத்தம் கசியும். தள்ளாமல் விட்டால் அடைப்பே விழாது. மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும் எலியின் கழுத்தைக் கீறி, இடது தமனியில் துளையிட்டு, முனையில் சிலிக்கான் பூசிய நைலான் நூலை மூளை வரைக்கும் ஏற்றுவதுதான் அந்த ஆய்வகத்தில் அவள் வேலை. ஒன்றரை மணி நேரம் கழித்து நூலை உருவிவிடுவாள். கண் விழிக்கும் எலிக்கு வலது முன்கால் சொன்ன பேச்சைக் கேட்காது. பல வருஷமாகச் செய்கிறாள். கை நடுங்கியதில்லை.

கணவருக்கு மூளையில் அதே பக்கம் அடைப்பு வந்த அன்றும் நடுங்கவில்லை. சலூனில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவரின் கையிலிருந்து கத்தி நழுவியதாகப் பக்கத்துக் கடைக்காரர் போனில் சொன்னபோது, எத்தனை மணிக்கு என்றுதான் அவள் கேட்டாள். டாக்டர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. வலது கை மட்டும் பாதிதான் வந்தது. கடை பூட்டியே கிடந்தது.

"என்ன, என் கையையே பாத்துக்கிட்டிருக்க? மார்க் போடுறியா?" என்றார் ஒருநாள், டம்ளரைத் தூக்கும்போது. எலிகளுக்குப் போடுவதுபோலப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அப்போது ஆய்வகத்தில் ஒரு புது மருந்தைச் சோதித்தார்கள். அடைப்பு உண்டாக்கிய எலிகளில் பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். எந்தப் புட்டியில் எது என்பது துறைத்தலைவருக்கு மட்டும் தெரியும். நிமிர்த்தி வைத்த அகலமான கண்ணாடிக் குழாய்க்குள் எலியை விட்டால் அது எழுந்து நின்று சுவரில் கை ஊன்றும். எந்தக் கையை எத்தனை தடவை ஊன்றுகிறது என்று அவள் எண்ண வேண்டும். காது கிழிந்த ஒரு எலி மட்டும் வாரத்துக்கு வாரம் வலது கையை அதிகமாக ஊன்றியது. வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

"அப்ப மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லு."

"அதுக்குப் போட்டது மருந்தா இல்லையான்னு எனக்கே தெரியாதுங்க."

"தெரியாதுன்னா பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குல்ல? எனக்கு அது போதும்."

அதன்பிறகு அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "நம்மாளு எப்படி இருக்கான்?"

சோதனை முடிந்தது. மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். காது கிழிந்ததின் மூளையிலும், அடைப்பால் செத்த இடத்தில், மற்றவற்றில் இருந்த அளவுக்கே குழி இருந்தது. சீவலை மாற்றி வைத்துவிட்டோமோ என்று அவள் இன்னொரு முறை சரிபார்த்தாள். அன்று மாலை துறைத்தலைவர் எந்த எலிக்கு எது போட்டது என்ற விவரத்தைப் பிரித்தார். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை.

"சில எலிங்க தானாவே தேறிடும். உங்களுக்குத் தெரியாததா?" என்றார் அவர். தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த விஷயம்தான்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"உப்புத்தண்ணியா?" என்றார்.

"ஆமா."

"அடைப்பு சின்னதா விழுந்திருக்குமோ?"

"இல்லங்க. குழி பெருசுதான். நானே பாத்தேன்."

"பாத்தேன்னா..." என்று இழுத்தவர், "அப்ப அவன் இப்ப இல்லையா?" என்றார்.

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"மருந்தும் போடல. குழியும் ஆறல. அப்புறம் எப்படி அந்தப் பய கையைத் தூக்கினான்?"

"தெரியலங்க."

அவர் சிரித்தார். பிறகு எழுந்து நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். "உக்காரு. பின்னாடி முடி நுனியெல்லாம் கோணல்மாணலா இருக்கு. பாக்கச் சகிக்கல."

அவள் உட்கார்ந்தாள். ஒரு துணியைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இடது கையாலும் பல்லாலும் முடிச்சிட்டார். முடியில் தண்ணீர் தெளித்துச் சீவினார். வலது கையில் மாட்டிய கத்தரிக்கோல் ஒருமுறை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். அவர் கட்டைவிரல் எப்படி வளைகிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"ஆடாம இரு."

பிடரியில் குளிர்ந்த இரும்பு தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. வெகுநேரம் நின்றதுபோல் இருந்தது. பிறகு நறுக்கென்ற ஒரு சத்தம். ஈர முடிக் கொத்து ஒன்று அவள் தோளில் விழுந்து, வழுக்கி, மடிக்கு வந்தது.