நாத்தனார் கொடுத்த ரத்தம்

லேபை விற்றுவிட்டார்கள். பல் செட் செய்கிற லேப். மெழுகில் பல்வரிசை கட்டி, கடைவாய்ப் பல்லுக்கு மேடும் பள்ளமும் செதுக்குவது என் வேலை. ஊரில் பாதிப் பேர் நான் செதுக்கிய பல்லால்தான் சிரிக்கிறார்கள். புது முதலாளி வந்த அன்றே எங்களை வரிசையாக நிற்கவைத்து, யாருக்கும் வேலை போகாது என்றார். கைதட்டினோம். வெட்கங்கெட்டு நானும் தட்டினேன். அப்புறம்தான் மூட்டையை அவிழ்த்தார். இனி மாதச் சம்பளம் கிடையாது, செட்டுக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனி இன்சூரன்ஸ் இந்த மாதக் கடைசியோடு சரி.

மற்றவர்களுக்குக் கூலிக் கவலை. எனக்கு இன்சூரன்ஸ் கவலை.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சுகர். மாத்திரைக்கு அடங்குகிற ரகம் இல்லை; ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னால் இன்சுலின் குத்திக்கொண்டால்தான் உயிர். அதோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டேன். இப்போது அது கண்ணில் கைவைத்திருக்கிறது. உள்ளே ரத்தம் கசிகிறது, கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், ஒன்றோடு நிற்காது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். முதல் ஊசி கம்பெனி இன்சூரன்ஸில் போட்டாயிற்று. அடுத்ததை எப்படியாவது ஆறு மாதம் தள்ளலாம், அதற்கு மேல் தள்ளினால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்றார். அந்த ஊசியின் விலையைக் கேட்டால் நல்ல கண்ணும் இருட்டிக்கொண்டு வரும். கண் போனால் பல் செதுக்குவது எப்படி? பல் செதுக்காவிட்டால் சோறு எப்படி?

என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். அவருக்கு எங்கேயும் இன்சூரன்ஸ் இல்லை. விஷயத்தைச் சொன்னதும், "பாத்துக்கலாம் விடு" என்றார்.

"எதை வெச்சுப் பாக்குறது?" என்று கேட்டேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பாவம், அவரைக் கடித்து என்ன பிரயோஜனம்?

மறுநாளே போனைக் கையில் எடுத்தேன். முதல் கம்பெனியில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். வயதைக் கேட்டாள், வேலையைக் கேட்டாள், எதற்கோ வாழ்த்துகூடச் சொன்னாள். சுகர் என்றேன். எப்போதிலிருந்து என்றாள். சொன்னேன். அதோடு தேன் தீர்ந்துபோயிற்று. "நாங்களே கூப்பிடுறோம் மேடம்" என்றாள். இன்றைக்கு வரை கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இரண்டாவது கம்பெனியில் ஒரு பையன். "சுகரும் சுகரால வர்றதும் தவிர மத்த எல்லாத்துக்கும் உண்டு மேடம்."

"கண்ணு?"

"அது சுகரால வர்றது மேடம்."

"காலு?"

"அதுவும்தான்."

"இதயம்?"

"அதுவும் மேடம்."

"அப்ப என் உடம்புல மிச்சம் என்னதாம்ப்பா இருக்கு?"

யோசித்துவிட்டு, "விபத்து மேடம்" என்றான். சரி, கண் தெரியாமல் போய் பஸ்ஸில் விழுந்தால் அது விபத்தா சுகரா என்று கேட்டேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். குரலைக் கேட்டால் சின்னப் பிள்ளை. எனக்கே பாவமாகிவிட்டது.

மூன்றாவது இடத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பிரீமியம் எங்கள் வீட்டு வாடகையைத் தாண்டியது. அதைக் கட்டினாலும் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு நாலு வருஷம் காத்திருக்க வேண்டுமாம். "நாலு வருஷம் கழிச்சு உங்க கார்டைத் தடவித்தாங்க பாக்கணும்" என்று போனை வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதால் சுகர் ஏறும். அதை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.

லேபில் பாலிஷ் போடுகிறவள் ஒரு ஏஜெண்டைப் பிடித்துக் கொடுத்தாள். வந்தவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தும் ஹெல்மெட்டைக் கீழே வைக்கவில்லை. குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் ஹெல்மெட்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சுகர்னு நீங்க ஏன் மேடம் வாயத் தொறக்குறீங்க?" என்றார்.

"ரத்தம் எடுத்தா தெரிஞ்சுடாதா?"

"உங்க ரத்தத்தை எடுத்தாதானே?" குரலைத் தணித்துக்கொண்டார். "நாப்பதுக்கு மேலன்னா ரத்தம், யூரின் எடுப்பாங்க. லேபுக்குப் போக வேண்டாம், வீட்டுக்கே ஆள் வரும். உங்க வயசை ஒட்டி நல்லா இருக்குற ஒரு ஆளு வீட்டுல இல்லையா? ஆறு மாசம் மூச்சு விடாம இருங்க. அப்புறம் போய் சுகர் புதுசா வந்த மாதிரி காட்டிக்கலாம்."

அவரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

நல்லா இருக்கிற ஆள் என்றதும் எனக்கு ஒரே முகம்தான் ஞாபகம் வந்தது. என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. தனியார் பள்ளியொன்றில் பி.டி. டீச்சர், விசிலும் கையுமாக நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறவள். கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருக்கிறாள். தலைவலி மாத்திரை எந்த நிறம் என்று தெரியாது. நான் வைத்த பேர் பயில்வான். எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். நான் ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எதிரே நின்று தண்டால் எடுக்கிறவளை யாருக்குத்தான் பிடிக்கும்?

அவள் வீட்டுக்குப் போய்ச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "உன் ரத்தம் கொஞ்சம் வேணும்."

"இத்தனை வருஷமா உறிஞ்சினது பத்தலையா அண்ணி?"

சிரித்து முடித்தாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊசியை, கண்ணை, ஹெல்மெட் சொன்ன வழியை எல்லாம் கொட்டினேன்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னைத் தொரத்திவிட்டுடுவாரு."

"அவனா? பயத்துல ஜுரம் வந்து படுத்துக்குவான்." விசில் கயிற்றை விரலில் சுற்றினாள். "ஒரு ஊசிதானே? நீங்க ஒரு நாளைக்கு எத்தனை குத்திக்கிறீங்க. வரேன்."

"மாட்டினா உனக்கும் ஆபத்துடி."

"மாட்டினா ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போடச் சொல்றேன். அங்க வந்தும் வேலை வெக்காதீங்க, அவ்வளவுதான்."

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளைக் கட்டிப்பிடித்தேன். கருங்கல் தூணைக் கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ரத்தம் எடுக்க ஒரு பெண் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். என் அடையாள அட்டையில் இருக்கிற படம் என்னைப் போலவே இருக்காது. அது அன்றைக்கு உதவியது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பயில்வான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முழங்கையால் இடித்ததும், "ஆங், நான்தான்" என்று துள்ளி எழுந்தாள். என்னை யார் என்று கேட்டதற்கு, "என் அண்ணி. வாய் ஓயாது, நீங்க கண்டுக்காதீங்க" என்றாள். கண்ணைக்கூட மூடாமல் கையை நீட்டினாள். கெட்டியான அந்த ரத்தம் குழாயில் ஏறுவதை நான் பசித்தவள் சாப்பாட்டைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷர் கொஞ்சம் கூட இருக்கிறதே, பயமா என்று அந்தப் பெண் கேட்டாள். எங்களுக்கா பயம் இல்லை!

அதற்கப்புறம் வந்த நாட்களில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு பல் செதுக்கினேன். வீட்டுக்காரர், "என்ன, புது முதலாளி சம்பளம் ஏத்திட்டானா?" என்று கேட்டார்.

ஹெல்மெட்டின் போன் வந்தபோது நான் ஒரு கீழ்ச்செட்டை மெழுகில் இருத்திக்கொண்டிருந்தேன். எடுத்ததும் கத்தினார்.

"நல்ல ரத்தமா பாத்து ஏற்பாடு பண்ணச் சொன்னேனே மேடம்! இப்படிப் பண்ணிட்டீங்களே!"

"என்னாச்சு? சுகரா?"

"சுகரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கிட்னி. கிரியாட்டினின் எங்கயோ போய் நிக்குது, யூரின்ல புரோட்டீன் கொட்டுது. ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போயிருக்கும்னு அங்க இருக்குற டாக்டர் எழுதிட்டாரு. முடியாதுன்னு திருப்பிட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம். பாவி மகள், என் கடைசி வழியையும் அடைத்துவிட்டாளே என்று. அடுத்ததாக என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வேற யாரையாவது வெச்சு எடுக்க முடியாதா?"

"இனிமே எடுத்து என்ன மேடம்? உங்க பேர்ல கிட்னி நோயாளின்னு ஏறிடுச்சு. எந்தக் கம்பெனியில தட்டினாலும் இது வந்து நிக்கும்."

போனை வைத்த பிறகும் அவளைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். உடம்பு உடம்பு என்று பீற்றிக்கொள்வாளே என்று ஆரம்பித்த திட்டு பாதியில் நின்றது. கையிலிருந்த மெழுகுப் பல் நசுங்கிவிட்டது. அவள் உடம்பு. அவள் கிட்னி. அது அவளுக்குத் தெரியாது. இந்த நேரத்தில் எங்கேயோ வெயிலில் பிள்ளைகளை ஓடவிட்டு, தானும் கூடவே ஓடிக்கொண்டிருப்பாள். சீ, நானும் ஒரு மனுஷியா என்று என்னையே காறித் துப்பத் தோன்றியது.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். மணி அடிக்கும்போதே துண்டித்தேன்.

அவள் வேலை பார்க்கிற பள்ளியிலும் இன்சூரன்ஸ் கிடையாது. நான் இப்போது சொன்னால் நாளைக்கே டாக்டரிடம் போவாள். போன நிமிஷத்திலிருந்து அவள் பேரிலும் நோய் ஏறும். அப்புறம் நான் தட்டிய கதவுகளை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். தேன் தீர்கிற குரலை எல்லாம் கேட்க வேண்டும். டயாலிசிஸ் என்று வந்தால் அந்தச் சம்பளத்தில் எத்தனை நாள் தாங்குவாள்? ஆனால் அந்த ரத்தம் போனது என் பேரில். அவள் பேரில் இன்னும் ஒரு கறையும் இல்லை. வயதும் நாற்பதுக்குக் கீழே, ரத்தம் எடுக்க ஆள் வராது.

ஹெல்மெட்டை நானே கூப்பிட்டேன். "அந்த ரத்தம் என் நாத்தனாரோடது. அவ பேர்ல போடுங்க. இன்னைக்கே."

"அவங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"அப்ப தெரியாமலே இருக்கட்டும். நோய் இல்லன்னு அவங்க வாயால சொல்றது ஃபோன்ல பதிவாகும். முதல் மாசம் எதுவும் கிடையாது. அது முடிஞ்சு புதுசா கண்டுபிடிச்ச மாதிரி போனா குடுக்கலாம். குடுக்காமலும் போகலாம். பின்னாடி தோண்டினா நான் பொறுப்பில்ல."

"ஒரு மாசம் அவ உடம்பு தாங்குமா?"

"நான் டாக்டர் இல்லையே மேடம்."

நானும் டாக்டர் இல்லை. ஆனாலும் அவளுக்காக முடிவெடுத்தேன். என் பிரீமியத்துக்கென்று சேர்த்திருந்ததை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று ஒரு மனம், வாயைத் திறக்காதே என்று ஒரு மனம். சொல்லாமல் இருந்து அந்த ஒரு மாதத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்னை யார் மன்னிப்பார்கள்?

பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். அவள் மைதானத்தில் பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டும் வந்து சேர்ந்தார்.

"எனக்கு எதுக்கு அண்ணி இன்சூரன்ஸ்? காசு என்ன கசக்குதா?"

"எனக்காகப் போடுடி. ஒரு தடவை என் பேச்சைக் கேளு."

"சரி சரி, மூஞ்சியைத் தூக்காதீங்க." அவள் பந்துப் பை மேலேயே உட்கார்ந்தாள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளுடைய கணுக்கால் வீங்கியிருக்கிறதோ என்று பார்த்தேன், ஷூ மறைத்திருந்தது. ஹெல்மெட் போனை அவள் வாய்க்கு நேரே நீட்டி, பதிவுப் பொத்தானை அழுத்தப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் சார். அண்ணி, உங்க ரிசல்ட் என்னாச்சு? வந்துச்சா?"

ஹெல்மெட் தரையைப் பார்த்தார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வந்துச்சு."

"கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு" என்றேன்.

"அடி சக்கை! பின்ன, யாரு ரத்தம்!" இரண்டு கையையும் மேலே தூக்கி, ஆளில்லாத மைதானத்தில் காது கிழிய விசில் அடித்தாள். அப்புறம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். சர்க்கரை, இல்லை. பிரஷர், இல்லை. இதயம், இல்லை. சிறுநீரகம்?

"எனக்கா? ஒண்ணுமே இல்ல சார்" என்று சிரித்தாள்.

என்னால் அடக்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் எழுந்து வந்து என் கையை விலக்கி, தன் சட்டைக் கையாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"லூசு அண்ணி, இப்ப எதுக்கு அழறீங்க? இனிமே உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."