முக்கால் அங்குலம்

கஸ்பருக்குக் கை நல்ல கை. வாய்தான் கொஞ்சம் நீளம். மன்னாரிலிருந்து வந்து இருபத்தெட்டு வருடமாக லண்டனில் கார் திருத்துகிறார். மனோர் பார்க் பக்கம், ரயில் பாலத்தின் வளைவொன்றுக்குள் அவருடைய கராஜ். மேலே ரயில் போகும்போதெல்லாம் தூசு கொட்டும்; அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. ஆனால் இன்னொரு மெக்கானிக்கின் வேலையில் ஒரு பிழை கண்டுவிட்டாரோ, மனுசனுக்கு அன்றைக்குப் பெருநாள்தான்.

அப்படியொரு பெருநாள் போன மாதம் வாய்த்தது. லக்‌ஷன் என்று ஒருவன், வங்கியில் வேலை. ஐம்பது வயது தாண்டிய அமெரிக்கக் கார் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி, உயரத்தைக் குறைத்து நிலத்தோடு ஒட்டப் பதிப்பித்து வைத்திருந்தான். இயந்திரத்தைக் கிளப்பினால் தெருவில் மூன்று வீட்டு யன்னல் அதிரும். அதற்கு பிரேக் பார்க்க வேண்டுமென்று கஸ்பரிடம் கொண்டுவந்தான்.

“ஆர் இதைப் பதிச்சது?” என்று கேட்டார் கஸ்பர்.

“சுந்தரராஜன் அண்ணை, அங்கிள்.”

சுந்தரராஜன் கஸ்பரிடமே ஆறு வருடம் வேலை செய்தவன். போன வருடம் சொந்தமாக ஒரு வான் வண்டி வாங்கி, அதில் தன் பெயரை எழுதிக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கார் திருத்தக் கிளம்பிவிட்டான். சண்டை ஒன்றுமில்லை. கஸ்பர் தோளில் தட்டி, நல்லாயிரு என்றுதான் அனுப்பினார். அனுப்பிவிட்டு வருடம் முழுக்க உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காரை உள்மூலையில், பெரிய விளக்குக்குக் கீழே நிறுத்தி அளவுநாடாவை எடுத்தார். நிலத்திலிருந்து முன் சில்லுக்கு மேலே வளைகிற மட்காட்டின் விளிம்புவரை இடது பக்கம் இருபத்தைந்து அங்குலம். வலது பக்கம் இருபத்துநாலேகால். முக்கால் அங்குலம் பதிவு! சாதாரணக் காரென்றால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். பதித்த காரிலோ சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடம்தான். முக்கால் அங்குலம் என்பது அதில் ஒரு விரல்.

அதை அளந்தவர் லக்‌ஷனிடம் சொன்னாரா, சுந்தரராஜனுக்கு ஒரு போன் போட்டாரா? அதுதான் இல்லை. போனை எடுத்து வீடியோ பிடித்தார். லண்டன் தமிழ்க் கார்க்காரருக்கென்று நானூறு பேர் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் போட்டார்.

“இஞ்சை பாருங்கோ. இதுதான் இப்பத்தைய வேலை. ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டு தெரியாதவை எல்லாம் வானுகளிலை பேர் எழுதிக்கொண்டு திரியினம். இவையளிட்டை உங்கட உயிரைக் குடுக்காதேங்கோ, சொல்லிப்போட்டன்.”

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தக் குழுவில் வானில் பெயர் எழுதியவன் ஒருத்தன்தான். விழுந்து விழுந்து சிரிக்கிற மஞ்சள் முகங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. சுந்தரராஜன் ஒரு வார்த்தை எழுதவில்லை. அன்றைக்கே குழுவிலிருந்து விலகிவிட்டான்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. சவுத்தாலில் பரமேஸ்வரன் என்பவருடைய பெரிய கராஜில் அவனுக்கு நிரந்தர வேலை பேசி முடிந்திருந்தது. அடுத்த திங்கள் தொடங்குவதாக இருந்தது. பரமேஸ்வரனும் அந்தக் குழுவில் இருக்கிறார். “இப்போதைக்கு வேண்டாம் தம்பி, பிறகு பாப்பம்” என்று செய்தி அனுப்பிவிட்டார். கஸ்பரின் காதுக்கு இது வந்தபோது, “நான் உள்ளதைத்தானே சொன்னனான்” என்று தோளைக் குலுக்கினார். இரவு நல்ல நித்திரையும் கொண்டார்.

பிறகு காரைத் தானே சரிசெய்தார். அந்தக் காருக்கு முன்னால் சுருள் வில் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக நீட்டுக்கு ஒரு இரும்புக் கம்பி முறுகி நின்று பாரத்தைத் தாங்கும். அடியில் ஒரு போல்ட், அதை இறுக்கினால் அந்தப் பக்கம் எழும்பும், தளர்த்தினால் பதியும். வலது போல்ட்டை இறுக்கினார். காரை முன்னும் பின்னும் உருட்டி, மட்காட்டில் கை வைத்து அமத்தி அமத்தி விட்டு, திரும்ப அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு, மயிரிழை பிசகில்லை. லக்‌ஷனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். சனிக்கிழமை முருகன் கோயிலில் காருக்குப் பூசை, அங்கிள் கட்டாயம் வர வேண்டும் என்றான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரான கஸ்பரும், தன் வேலையை நாலு பேர் பார்க்கட்டுமே என்று, வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு போய் நின்றார்.

கோயிலுக்கு முன்னால் தெருவோரமாகக் கார் நின்றது. சில்லுகளுக்கு அடியில் நாலு தேசிக்காய் வைத்தாயிற்று. மாலை போட்டாயிற்று. ஐயர் தேங்காயோடு நிற்க, லக்‌ஷனின் தங்கை துசியந்தி படம் எடுப்பதற்காகக் காருக்கு முன்னால் தள்ளிப்போய் நின்றாள். கட்டிடம் கட்டுகிற இடங்களில் நிலம் அளக்கிற உத்தியோகம் அவளுக்கு. போனைச் சரித்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள்.

“அண்ணா, கார் இடப்பக்கம் சரிஞ்சு நிக்குது.”

“ரோட்டுச் சரிவு பிள்ளை,” என்று சிரித்தார் கஸ்பர். “லண்டன் ரோட்டெல்லாம் ஓரத்துக்குச் சரிவுதானே.”

“அப்ப திருப்பி விட்டுப் பாப்பம் அங்கிள். ரோட்டிலை பிழையெண்டால் கார் மற்றப் பக்கம் சரியோணும்.”

அவள் சொன்னதில் ஒரு குதர்க்கமும் இல்லை. தேசிக்காய்களை எடுத்துவிட்டு, லக்‌ஷன் காரைத் திருப்பிக்கொண்டுவந்து நிறுத்தினான். பூசைக்கு வந்திருந்த இருபது முப்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். இப்போதும் காரின் அதே இடப்பக்கம்தான் பதிந்து நின்றது. துசியந்தி குனிந்து வலது பக்கம் சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் விரல் வைத்தாள், இரண்டு விரலும் தாராளமாகப் போயின. இடது பக்கம் ஒன்றுதான் போனது.

“அங்கிள், நீங்கள் எங்கை வைச்சு அளந்தனீங்கள்?”

கஸ்பரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. “பிறகு பாக்கிறன் பிள்ளை” என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு, தேங்காய் உடைகிற சத்தம் முதுகில் கேட்கக் கேட்க, ஓடாத குறையாக நடந்தார்.

கராஜுக்குள் போய் ஒரு வாளி தண்ணீரை நடு நிலத்தில் ஊற்றினார். தண்ணீர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. நேரே உள்மூலைக்கு ஓடி, லக்‌ஷனின் காருடைய இடது முன் சில்லு நின்ற இடத்தில் குளமாகத் தேங்கி, மெல்ல மெல்லக் கழிவுநீர்க் காணுக்குள் இறங்கியது.

அந்தச் சீமெந்து நிலத்தைப் போட்டதே கஸ்பர்தான். கழுவுகிற தண்ணீர் காணுக்கு ஓட வேண்டுமென்று அந்த ஒரு மூலையை மட்டும் ஒன்றரை அங்குலம் பதிவாக இழுத்துவிட்டிருந்தார். மூன்று சில்லு மேட்டிலும் ஒரு சில்லு பள்ளத்திலும் நின்றால், பள்ளத்துச் சில்லு தொங்கும், அந்தப் பக்கம் அளவு கூடும், மற்றப் பக்கத்துச் சில்லில் குறையும். கார் வேலை படிக்க வந்த முதல் கிழமையில் சொல்லிக்கொடுக்கிற பாடம். சுந்தரராஜன் செய்த வேலை அச்சொட்டாகச் சரியாக இருந்தது. சரியாக இருந்த காரைக் கெடுத்ததே கஸ்பர்தான்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. சுந்தரராஜன் அவரிடம் வேலை செய்த காலத்தில் எந்தக் காரையும் வாசல் பக்கம் தள்ளிக்கொண்டுபோய்த்தான் அளப்பான். “அண்ணை, அந்த மூலை பள்ளம், அதிலை வைச்சு அளக்காதேங்கோ” என்று ஒருநாள் சொல்லியும் இருக்கிறான். “நான் போட்ட நிலத்துக்கு நீ மேடு பள்ளம் சொல்லுறியோ?” என்று எல்லாருக்கும் முன்னால் அவனை நக்கலடித்தது இதே வாய்தான். கஸ்பருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஒரு பழைய கார் ரயரின் மேல் குந்தி, அந்தத் தண்ணீர் முழுதும் இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சுந்தரராஜனின் வீட்டுக் கதவைத் தட்டினார். அவன் மனைவி தனுஷியா திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. பின்னால் சுந்தரராஜன் வந்து நின்றான், இடுப்பில் வீட்டுச் சாரத்தோடு, சவரம் செய்து நாலு நாளான முகத்தோடு.

“சுந்தரம், உன்ரை வேலையிலை ஒரு பிழையும் இல்லை. என்ரை மூலைப் பள்ளத்திலை வைச்சு அளந்துபோட்டன். பிழை என்னிலைதான். மன்னிச்சுக்கொள்ளடா.”

சுந்தரராஜன் வாய் திறக்குமுன் தனுஷியா பேசினாள்.

“நானூறு பேருக்கு முன்னாலை அடிச்சுப்போட்டு, வீட்டு வாசலிலை வந்து தடவுறியளோ அண்ணை? இவருக்குத் தன்ரை வேலை சரியெண்டு தெரியும். தெரியாதவைக்குப் போய்ச் சொல்லுங்கோ.”

“விடும் தனு,” என்றான் சுந்தரராஜன். “அண்ணை, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்.”

அந்தத் தேத்தண்ணி என்ற சொல்தான் கஸ்பரைக் கொன்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

“நீ ஏன் அப்பவே குழுவிலை சொல்லேல்லை?”

“சொன்னால் ஆர் அண்ணை நம்புறது? நீங்கள் கஸ்பர் அண்ணை. நான் உங்களிட்டை வேலை பழகினவன்.”

கஸ்பர் வாசலைவிட்டு வந்து, தெருவில் நின்ற தன் காருக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தார். “நான் கஸ்பர். அண்டைக்கு நான் போட்ட வீடியோ பிழை. சுந்தரராஜன் செய்த வேலை திறமான வேலை. என்ரை கராஜ் நிலம் பள்ளம், அது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் அதிலை வைச்சு அளந்து ஒரு நல்ல வேலைக்காரனை அவமானப்படுத்திப்போட்டன். வெக்கமாக் கிடக்குது.” திரும்பப் போட்டுப் பார்க்காமல் குழுவுக்கு அனுப்பினார். பார்த்திருந்தால் அழித்திருப்பார்.

இனி நன்றாக வாங்கிக் கட்டப்போகிறோம் என்று காத்திருந்தார். வாங்கிக் கட்டினால் பாரம் இறங்கும் என்றுகூட நினைத்தார். வந்ததோ கும்பிடுகிற கைகளும் சிவப்பு இதயங்களும்.

‘பெரிய மனசு அண்ணை உங்களுக்கு!’

‘இந்தக் காலத்திலை ஆர் இப்பிடிப் பிழையை ஒத்துக்கொள்ளுறது?’

‘இனி என்ரை காரும் உங்களிட்டைத்தான்.’

திரையை இறக்கிக்கொண்டே போனார். ஐம்பது பேர் எழுதியிருந்தார்கள், ஐம்பதும் கஸ்பரைப் பற்றி. சுந்தரராஜன் என்ற பெயரை ஒருவர்கூடத் தொடவில்லை. பிறகு, குழுவில் அல்லாமல் தனியாக, சவுத்தால் பரமேஸ்வரனிடமிருந்து ஒரு செய்தி விழுந்தது.

‘அண்ணை, உங்களைப் போல நேர்மையான ஆள்தான் எங்களுக்குத் தேவை. அந்த இடம் இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. கிழமையிலை மூண்டு நாளெண்டாலும் வருவியளோ?’

கஸ்பர் விழுந்தடித்து எழுதினார்: ‘அது சுந்தரத்தின்ரை இடம். அவனைக் கூப்பிடுங்கோ.’

பதில் உடனே வந்தது. ‘நல்ல பொடியன்தான் அண்ணை, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் என்ரை வாடிக்கையாளருக்கெல்லாம் அந்த முதல் வீடியோதான் போயிருக்கு. வேற குழுக்களிலை இப்பவும் சுத்துது. அவன்ரை கையிலை காரைக் குடுக்கச் சனம் யோசிக்கும். நீங்கள் வாங்கோ.’

அதை அவர் இரண்டாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. சுந்தரராஜன் சாரத்தோடு தெருவில் நின்றான். ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை, மேலே ஒரு சோசரால் மூடியிருந்தது.

கஸ்பர் போனைத் தொடைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

“தனுவும் நானும் யன்னலாலை பாத்தனாங்கள், நீங்கள் பேசிப் பதியிறதை,” என்று கோப்பையை நீட்டினான் சுந்தரராஜன். கொஞ்சம் தயங்கினான். “நான் இப்ப அந்தக் குழுவிலை இல்லைத்தானே அண்ணை. அதுதான் கேக்கிறன்... சவுத்தால் பரமேஸ்வரன் அண்ணை ஏதும் எழுதினவரோ?”

தொடைக்கு அடியில் போன் இன்னொரு தரம் அதிர்ந்தது.

“இன்னும் ஒண்டும் இல்லையடா,” என்றார் கஸ்பர்.