மே மாதத்து மாப்பிள்ளை

வாழச் சிறந்த நகரம் கோயம்புத்தூர்தான் என்று வாதாடுவதற்காகவே அக்காவின் கணவர் லியோ மச்சான், வருடந்தோறும் குன்னூருக்கு வந்து மே மாதம் முழுசும் எங்கள் வீட்டில் தங்குவார். போன வருடம் வீட்டையே விற்கச் சொன்னார்.

"ஏனுங்க மாமா, அங்க மால் இருக்குது, ஏர்போர்ட் இருக்குது. இங்க என்னங்க இருக்குது?" என்று அப்பாவின் ஸ்வெட்டருக்குள் இருந்தபடி கேட்டார்.

அப்பா தலையாட்டத் தொடங்கிவிட்டார். அம்மா குறுக்கே வந்தாள்.

"வித்துரலாங்க மாப்பிள்ளை. அடுத்த மே முழுக்க உங்க ஊர்லயே இருந்து காட்டுங்க. அன்னிக்கே நான் கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் இந்த ஊட்டுல ஒரு ஓடு நகராது."

மச்சான், மின்விசிறியே மாட்டியிராத எங்கள் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

இந்த மே முதல் தேதியே வந்துவிட்டார். வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஸ்வெட்டர் மட்டும் சொந்தமாக வாங்கி வந்திருந்தார்.