தம்பி பெயரில் ஓர் ஒப்புதல்

தம்பி போன இரண்டாவது மாதத்தில், அவன் ஒரு தப்பு செய்துவிட்டதாக அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

கூப்பிட்டவர் தம்பியின் மேலாளர். அக்காவுக்கும் அதே மென்பொருள் நிறுவனத்தில்தான் வேலை. கீழ்மாடியில், வேறொரு குழுவில், சோதனைப் பிரிவு. மற்றவர்கள் எழுதுவது எங்கே உடையும் என்று தேடுவதே அவள் பிழைப்பு. மேலாளரின் கண்ணாடி அறைக்குள் நுழைந்தபோது மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டிலும், முகம் துடைக்கும் காகிதப் பெட்டி ஒன்றும் தயாராக இருந்தன. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“உட்காருங்க. வீட்ல அம்மா எப்படி இருக்காங்க?”

“இருக்காங்க. விஷயத்தைச் சொல்லுங்க சார்.”

விஷயம் இதுதான். தம்பியின் குழு சரக்குக் கிடங்குகளுக்கான மென்பொருள் எழுதுகிறது. போன வாரம் அதில் ஒரு மாற்றம் வெளியே போனது. மறுநாளே ஒரே சரக்கு ஒரே கடைக்கு இரண்டு தடவை லாரி ஏறியது. ஒரு கடை, இரண்டு கடை அல்ல; போகிற ஊரெல்லாம். வாடிக்கையாளர் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். எந்த மாற்றமும் இரண்டு பேர் படித்துப் பார்த்து ஒப்புதல் தராமல் வெளியே போக முடியாது. இங்கே ஒருவர், கடல் தாண்டியிருக்கும் அலுவலகத்தில் ஒருவர். இந்தப் பக்கத்து ஒப்புதல் யாருடையது என்று மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

தம்பி பெயர். பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் அவன் முகம், சீவாத தலையோடு.

தேதியைப் பார்த்தாள். அவன் போய் ஒரு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்த தேதி.

“சார், இவன் செத்துட்டான். நீங்க மலர்வளையத்தோட வந்தீங்க.”

“அதாங்க எங்களுக்கும் கஷ்டமா இருக்கு.” மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவரோட ஃபோன்லேருந்து உறுதி பண்ணியிருக்காங்க. அந்த ஃபோன் உங்க வீட்ல இருக்கு. வீட்ல யாரோ தெரியாம அமுக்கியிருக்காங்க. பாதுகாப்பு மீறல்னுதான் எழுதணும், ஆனா நான் அப்படி எழுத விரும்பல. சாயங்காலம் ரெண்டு பக்கமும் சேர்ந்து கூட்டம் இருக்கு. நீங்க வந்து, வீட்ல தெரியாம நடந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது. ‘குடும்பத்தாரின் கவனக்குறைவு’ன்னு அறிக்கையில போட்டு மூடிடலாம்.”

“வீட்ல நானும் அம்மாவும்தான் சார். நான் அமுக்கல.”

“அப்போ...” என்று இழுத்துவிட்டு, மிகவும் மரியாதையாக, மேலாளர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். பழியை அம்மா தலையில் கட்டுகிற வேலையையும் அவளே செய்துகொள்ளட்டும் என்று.

அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா சாப்பாட்டு மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேசையின் மறுமுனையில் தம்பியின் ஃபோன், சார்ஜர் ஒயரோடு, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

“என்னடி, இந்நேரத்துக்கு வந்துட்டே?”

“அம்மா, இந்த ஃபோன்ல ஏதாவது வந்தா நீ என்ன பண்ணுவே?”

“என்ன பண்ணுவேன், பச்சையை அமுக்குவேன்.” கத்தி நிற்கவில்லை. “அவன்தானே சொல்லிக் கொடுத்தான். விடிகாலைல உறுமும், ‘நீங்கதானா’ன்னு கேட்கும், பச்சையை அமுக்கும்மா, சிவப்புப் பக்கம் போயிடாதே, அங்க அத்தனை பேரும் கையைக் கட்டிட்டு நிப்பாங்கன்னு.”

அக்காவுக்கு அந்த ஏற்பாடு தெரியும். அதற்காகத் தம்பியோடு சண்டையும் போட்டிருக்கிறாள். நமக்குப் பொழுது சாயும்போது அந்த அலுவலகத்துக்கு விடியும். தம்பி இரவு முழுக்க அவர்களோடு உட்கார்ந்திருப்பான். அலுவலகத்தில் அவனுக்கு, இரவெல்லாம் கத்தும் பூச்சியான சுவர்க்கோழி என்றே பட்டப்பெயர். கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டு, “கூட்டத்துல சொல்ல முடியாததை என்கிட்ட சொல்லு” என்பான். அவன் பக்குவமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த சங்கதிகளால்தான் அந்தக் கூட்டங்கள் சத்தமில்லாமல் முடிந்தன. படுக்கப் போகும் முன் அவர்கள் எழுதியது எல்லாவற்றையும் வரி விடாமல் படித்துவிடுவான். படித்தது சரி, அதை மென்பொருளோடு சேர்த்து ஒப்புதல் போடும் நேரத்தில் இவன் தூங்கிக்கொண்டிருப்பான். தன்னால் அவர்கள் வேலை நிற்கக் கூடாது என்று, தன் கடவுச்சொல்லை அந்தப் பக்கத்துக் குழுத்தலைவியிடம் கொடுத்துவைத்தான். யார் அதைப் போட்டாலும் ஃபோன் ஒரு தடவை கேட்கும். அதற்கு அம்மா.

“பெரிய தப்புடா இது,” என்று அக்கா சொன்னபோது, “நான் படிச்சுட்டுத்தானேக்கா படுக்கறேன். அம்மா சும்மா கதவைத் திறந்து விடுறாங்க, அவ்வளவுதான்,” என்று சிரித்தான்.

“அவன் இருந்தப்போ சரிம்மா. இப்பவும் ஏன் அமுக்கினே?”

“இப்பவும் வருதே.” அம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். “வராம நானா போய் அமுக்கினேன்? அவன் இல்லேன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சும் அனுப்புறாங்கன்னா, அவன் பாதியில விட்ட ஏதோ மிச்சம் இருக்கு, அதை முடிக்கிறாங்கன்னு நினைச்சேன். சரி, அவன் வேலை ஒழுங்கா முடியட்டும்னு.”

அக்கா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அன்னிக்குக் காலைலயும் அமுக்கினேன்டி,” என்றாள் அம்மா. “சத்தம் கேட்டு அவன் முழிச்சுக்கப் போறானேன்னு ஓடி வந்து அமுக்கினேன்.”

உள்ளே தம்பி அதற்கு முன்பே போயிருந்தான். மருத்துவர் அப்படித்தான் சொன்னார்.

“ஏன் கேட்கறே? நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?”

“நீ பண்ணலம்மா.”

திரும்பிப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். ஃபோன் தானாகக் கேட்காது. யாராவது தம்பியின் பெயரை அடித்து, அவன் கடவுச்சொல்லையும் அடித்தால்தான் கேட்கும். செத்தவன் பெயரை, எழுத்துப் பிசகாமல், காலை தவறாமல் ஒருவர் அடித்திருக்கிறார். “எங்கள் வீட்டுப் பிள்ளையை இழந்ததுபோல் இருக்கிறது” என்று அந்த அலுவலகத்தார் பக்கம் பக்கமாக இரங்கல் எழுதினார்களே, அதே விரல்கள். சரி, கணக்கை யார் திறந்து வைத்தது? இந்த நிறுவனத்தில் ஒருவர் வேலையை விட்டால் அன்று சாயங்காலமே கணக்கு மூடப்படும். அவள் தோழி ஒருத்தி விலகியபோது, சொந்தக் குழந்தையின் படத்தைக்கூட எடுத்துக்கொள்ள விடாமல் பூட்டினார்கள். விலகியவளுக்கு அத்தனை கறார். செத்தவனுக்கு மட்டும் சலுகை! உயிர்தான் போயிற்று, ஒப்புதல் போகக் கூடாது பார்!

கூட்ட அறையில் இந்தப் பக்கத்து ஆட்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுவர்த் திரையில் அந்தப் பக்கத்து முகங்கள் கட்டம் கட்டமாக. மேலாளர் படக்காட்சியைத் தொடங்கினார். முதல் பக்கத்தில், ‘தூரத்துக் குழுக்கள் கைகோத்து உழைப்பது எப்படி’ என்ற தலைப்பு. அதன்கீழ் ஒன்றையொன்று பற்றிய கைகளின் படம், விலைக்கு வாங்கியது. அடுத்த பக்கத்தில் ‘நடந்த தவறு’. அதில் தம்பி பெயர். அதற்கடுத்து, ‘காரணம்: குடும்பத்தாரின் கவனக்குறைவு’. சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்றவர் மத்தியானமே அடித்து வைத்துவிட்டார்.

“இவங்க ஒரு வார்த்தை சொல்வாங்க,” என்றார் மேலாளர், பரிதாபம் வழியும் முகத்தோடு.

“சொல்றேன் சார். பச்சையை அமுக்கினது எங்க அம்மா.”

அறை பெருமூச்சு விட்டது. மேலாளர் தலையாட்டினார்.

“எங்க அம்மாவுக்கு உங்க மென்பொருள் என்னன்னே தெரியாது. பிள்ளை சொல்லிக் கொடுத்ததைச் செஞ்சாங்க. கடவுச்சொல்லை அடிச்சது யாரு?”

திரையில் ஒரு முகமும் அசையவில்லை. எல்லோருடைய ஒலிவாங்கியும் அணைந்திருந்தது.

“அதெல்லாம் தொழில்நுட்ப விஷயம், தனியா பேசிக்கலாம்...” மேலாளர் எழுந்தார். “நீங்க இப்போ மனசு சரியில்லாம இருக்கீங்க.”

“என் மனசு சரியில்லதான் சார். அதுக்கும் லாரி ரெண்டு தடவை போனதுக்கும் என்ன சம்பந்தம்? நானும் இதே தொழில்தான், சோதனைப் பிரிவு. தனியா வேண்டாம். இங்கேயே கேட்கறேன். அடிச்சது யாரு?”

“பாருங்க, குத்தம் சொல்லிக்கிறது நம்ம பழக்கம் இல்ல. நாம ஒரு குடும்பம் மாதிரி...”

“குடும்பத்தாரின் கவனக்குறைவுன்னு போட்டிருக்கீங்களே, அது எந்தக் குடும்பம் சார்? இதுவா?”

மேசையின் ஓரத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மேலாளரின் முகம் கறுத்தது. கூட்டத்தை முடிக்க அவர் சுட்டியைத் தேடியபோது திரையில் ஒரு கட்டம் வெளிச்சமானது. அந்தப் பக்கத்துக் குழுத்தலைவி. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“நான்தான் அடிச்சேன்.”

“இது இப்போ வேண்டாமே...” என்றார் மேலாளர்.

“இல்ல, சொல்லிடறேன். அவர் இறந்த அந்த வாரமே, வேற ஆளைப் போடுங்கன்னு கேட்டோம். வெளியீடு முடியட்டும், அதுவரைக்கும் அவர் கணக்குலயே ஓட்டுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே.”

“எழுத்துல சொல்லல. இந்தக் கூட்டத்துலதான் சொன்னீங்க. எல்லாரும் கேட்டோம்.”

அக்கா மேசையைச் சுற்றிப் பார்த்தாள். தம்பியோடு ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிட்டவர்கள். ஒருவன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். ஒருத்தி தன் மடிக்கணினியை, அதில் ஏதோ அவசரம் இருப்பதுபோல் பார்த்தாள். ஆமாம் என்று சொல்ல ஒரு வாய் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை.

“ஃபோன் உங்க ஆபீஸ்ல யார்கிட்டயோ இருக்குன்னு நினைச்சேன்,” என்றாள் குழுத்தலைவி அக்காவிடம். “உங்க அம்மான்னு தெரியாதுங்க. சத்தியமா தெரியாது.”

“யாரோ பார்த்துட்டுத்தான் அமுக்கறாங்கன்னு நினைச்சியா?” என்று கேட்டாள் அக்கா.

“...ஆமா. உங்க பக்கத்துல யாராவது பார்த்திருப்பாங்கன்னு நினைச்சேன்.”

“இவங்க நீ பார்த்திருப்பேன்னு நினைச்சாங்க.” அக்காவுக்குத் தன் குரலே அந்நியமாக இருந்தது. “அவன் ஒருத்தன் படிச்சான். அவன் இருந்தவரைக்கும் நீங்க யாரும் படிக்க வேண்டி வரல. அவன் போனப்புறமும் படிக்கல. செத்தவன் படிச்சுக்குவான்னு விட்டுட்டீங்க.”



“இப்போ என்னதான் செய்யணும்ங்கறீங்க?” என்றார் மேலாளர். தூக்கிய கல்லை யார் மீதாவது இறக்கியே தீர வேண்டும் என்பது போலக் கேட்டார். “அவருக்கு வருஷ விழாவுல ஒரு பாராட்டு குடுக்கலாம்னுகூட நான் யோசிச்சிருந்தேன்.”

“அதை நீங்களே வச்சுக்கங்க. அவன் பேரை எடுங்க. காரணத்தை மாத்துங்க.”

“என்னன்னு மாத்தறது?”

“நடந்ததை.”

மேலாளர் விசைப்பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்கள் அசையவில்லை. திரையில் இருந்த அந்த அறிக்கையை இரண்டு அலுவலகத்திலிருந்தும் திருத்தலாம் என்று அக்காவுக்கு அப்போது நினைவில்லை. திரையில் எழுத்துகள் தாமாக அழியத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. குழுத்தலைவி அங்கிருந்து அழித்துக்கொண்டிருந்தாள். ‘குடும்பத்தாரின்’ போனது. ‘கவனக்குறைவு’ போனது. தம்பி பெயரும் போனது. வெறுமையான இடத்தில் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

“சொல்லுங்க, அடிக்கறேன்,” என்றாள் குழுத்தலைவி.

“இந்த மாற்றத்தை இரண்டு அலுவலகத்திலும் யாரும் படித்துப் பார்க்கவில்லை.”

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா நின்றபடியே காத்திருந்தாள். வாக்கியம் முடிந்ததும் குழுத்தலைவி கேட்காமலே அதன்கீழ் இன்னொரு வரி அடித்தாள்: இறந்தவரின் கணக்கைத் திறந்து வைத்தோம். அதற்கடியில் தன் பெயரைப் போட்டாள்.

அந்தப் பெயரின் கீழே நிறைய இடம் இருந்தது. மேசையைச் சுற்றி ஒருவரும் தம் மடிக்கணினியைத் தொடவில்லை. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், அவசரப்படாமல், பிழை தேடும்போது பார்ப்பதுபோல். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். முதுகுக்குப் பின்னால், “சரி, அடுத்த விஷயத்துக்குப் போகலாமா?” என்று மேலாளர் கேட்பது கேட்டது.