தண்ணீர் ஊற்றுகிறவள்

என் பெரியம்மா இறந்த அன்று காலையில் நான் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது மேல்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பிள்ளைகள் இல்லை. கணவர் போன பிறகு எங்களோடுதான் இருந்தார். அத்தா, அதாவது என் அப்பா, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பருத்திப்பட்டில் இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினார். அங்கே ஏரி தெரிகிற அறை பெரியம்மாவுக்கு. கேபிள் பழுது பார்க்க ஆள் வந்தால்கூட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா விடியற்காலை சுபுஹு தொழ எழுப்பப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

எங்களில் பெண் இறந்தால் பெண்கள்தான் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்த வேண்டும். மகளோ தங்கையோ செய்வது இன்னும் நல்லது. எங்கள் ஜமாஅத்தில் அது தெரிந்தவர் ஒரே ஒரு அம்மாள். அவர் அன்றைக்குப் பார்த்து மகள் வீட்டுக்கு வாணியம்பாடி போயிருந்தார். பள்ளிவாசலில் விசாரித்தபோது பூந்தமல்லியில் பல்கீஸ் என்று ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி எண் கொடுத்தார்கள். கூப்பிட்டேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையில் இருப்பதாகவும், சொல்லிவிட்டுக் கிளம்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றும் சொன்னாள்.

வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது, ஒருவருக்கும் முழுதாகத் தெரியவில்லை. தலைமுடியை இரண்டாகப் பிரித்து மார்பின் மேல் போட வேண்டும் என்றார் ஒருவர். இல்லை, மூன்று பின்னலாகப் பின்னிப் பின்னால் போட வேண்டும் என்றார் இன்னொருவர். இருவரும் குரலை உயர்த்தாமலே சண்டை போட்டார்கள். எதிர் ஃபிளாட் கோமளா அக்காதான் உருப்படியாக ஏதோ செய்துகொண்டிருந்தார். இலந்தை இலை வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பறித்துக்கொண்டு வந்து, தன் வீட்டு அடுப்பில் தண்ணீர் காய வைத்தார்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் செய்ததில் பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். எனக்குப் பொறுக்கவில்லை. எதற்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், யூடியூபில் எல்லாம் இருக்கிறது என்று சொல்லி, என் ஃபோனை எடுத்து ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தேன். பெரியம்மாவின் முகத்துக்கு நேராக. தாடி வைத்த ஒருவர் நன்றாகத்தான் விளக்கினார். அம்மாவும் நானும் கையைக் கழுவிக்கொண்டு பெரியம்மாவின் சட்டைப் பித்தானைக் கழற்றிப் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தோம். மூன்றாவது நிமிடம் விளம்பரம் வந்தது. கல்யாணப் பட்டுப்புடவை விளம்பரம். நாதஸ்வரம், மேளம், நான்கு பெண்கள் ஆட்டம். நான் ஈரக்கையோடு ஓடிப்போய்த் தள்ளத் தள்ள அது நகர மாட்டேன் என்றது.

அம்மா எழுந்து வந்து ஃபோனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். “மொகத்த ஒரு ஆம்பளைக்குக் காட்டாம இருந்தவ. அவளப் போய் இது முன்னாடி கெடத்திட்டியே” என்றாள்.

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “கேமரா ஆன்ல இல்லம்மா” என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பல்கீஸ் வந்தபோது எனக்கு இன்னொரு அடி விழுந்தது. யாரோ வயதான அம்மாள் வருவார் என்று நினைத்திருந்தேன். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியவளுக்கு இருபத்து நான்கு வயதுகூட இருக்காது. என்னைவிட மூன்று வயது சிறியவள். அறைக்குள் வந்ததும் வேண்டாதவர்களை வெளியே அனுப்பினாள். முடிச் சண்டையை யாரோ அவளிடம் கொண்டுபோனார்கள். ரெண்டுமே சரிதான், ஹனபி ஒரு மாதிரி, ஷாபி ஒரு மாதிரி, இவங்க எது என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா எந்த மார்க்கச் சட்ட வழி, என்ன மத்ஹபு என்பது இருக்கட்டும், நான் என்ன மத்ஹபு என்பதே எனக்குத் தெரியாது. அம்மாதான் ஹனபி என்றாள்.

அதன் பிறகு எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. தொப்புளிலிருந்து முழங்கால்வரை துணி விலகாமல், வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம், மூன்று தடவை. கடைசித் தண்ணீரில் கோமளா அக்கா வீட்டுக் கற்பூரம். பல்கீஸ் பெரியம்மாவைப் புரட்டும்போதெல்லாம் “மாமி, கொஞ்சம் திரும்புங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் புரட்டினாள். நான் செம்பில் தண்ணீர் எடுத்து அவள் சொன்ன இடத்தில் ஊற்றினேன். என்னை நம்பிக் கொடுத்த வேலை அது ஒன்றுதான்.

எல்லாம் முடிந்து பல்கீஸ் கைகழுவும்போது அம்மா அவள் பக்கத்தில் போய் நின்றாள். அம்மாவுக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சாவைப் பற்றி மளிகைச் சாமான் பேசுவது போலத்தான் பேசுவாள். “நான் மவுத்தானா நீயே வந்து குளிப்பாட்டும்மா. இத வஸிய்யத்தா வச்சுக்க. இவ என்னையத் தொட வேணாம்” என்றாள்.

இவ என்றது என்னைத்தான். காலிச் செம்போடு நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வஸிய்யத் என்றால் சாகப்போகிறவர் விட்டுப்போகிற கடைசிச் சொல். அதை அம்மா கோபத்தில் சொல்லியிருந்தால் ஆறியிருப்பேன். அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

அடுத்த வாரமே நான் மார்க்கம் படிக்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த விதத்தில். மூன்று செயலிகளை இறக்கினேன். நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்தேன். எட்டுப் பாகம் கொண்ட குர்ஆன் விளக்கவுரையை வரவழைத்து அலமாரியில் அடுக்கினேன். முப்பது நாளில் அரபி என்ற வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்து பதினோராம் நாளோடு நின்றேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னிடம் ஏடு எட்டுப் பாகம் இருந்தது, சுரைக்காய்தான் இல்லை. அம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். அலமாரியைத் துடைக்கும்போது புத்தகங்களையும் துடைத்து வைத்தாள்.

வெட்கத்தை விட்டுப் பல்கீஸுக்கு ஃபோன் செய்தேன். மய்யித்தைக் குளிப்பாட்டக் கற்றுக்கொடு என்று நேரடியாகக் கேட்டேன்.

“இன்னாக்கா, எடுத்த உடனே அங்கியா? உனுக்கு இன்னான்னா தெரியாதோ அத்தெல்லாம் எழுதிகினு ஞாயித்துக்கெழம வா” என்றாள்.

இது என் தொழில். எக்செல்லில் போட்டேன். வரிசை எண், எனக்குத் தெரியாத விஷயம், அவசரம் எவ்வளவு என்று மூன்று கட்டங்கள். நூற்றுப் பன்னிரண்டு வரிகள் வந்தன. அச்செடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து வந்த பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினேன். பாரிவாக்கம் சிக்னலில் நிற்கும்போது பட்டியலை இன்னொரு தடவை படித்துக்கொண்டேன். எனக்கே பெருமையாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தையல் கடைக்கு மேல்மாடியில் பெண்கள் மத்ரஸா. ஒரே ஒரு அறை, நீலப் பாய். பத்து வயதுச் சிறுமிகளும் இரண்டு மூன்று இளம் தாய்மார்களும் உட்கார்ந்திருந்தார்கள். பல்கீஸ் மார்க்கக் கல்வியில் மூன்று வருட ஆலிமா படிப்பு முடித்து அங்கே சொல்லிக்கொடுக்கிறாள். என் பட்டியலை வாங்கிப் பொறுமையாக இரண்டு பக்கமும் படித்தாள். பிறகு பேனா கேட்டு, நாற்பதாவது வரியைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதில் நான் எழுதியிருந்தது: ஒளு, சரியாகச் செய்கிறேனா என்று சந்தேகம்.

தொழுகைக்கு முன்னால் கை கால் முகம் கழுவுகிறோமே, அதுதான் ஒளு. ஏழு வயதிலிருந்து செய்கிறேன். குழாயடிக்குக் கூட்டிப்போய், செய்து காட்டு என்றாள். செய்தேன். சிறுமிகள் வேடிக்கை பார்த்தார்கள். சுடிதார்க் கையை நான் முழங்கைக்குக் கீழேயே நிறுத்தியிருந்தேன். முழங்கை நனையவில்லை. இருபது வருடமாக நனைந்திருக்காது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இருபது வருடத் தொழுகையும் போயிற்றா என்று கேட்டேன். அவள், அது அல்லாஹ்வுக்கும் உனக்கும் இடையில், இனிமேல் கையை நன்றாக மேலே மடித்துக்கொள் என்றாள். பிறகு மெதுவாக, “நம்ம ஒடம்ப நம்மளுக்கே கழுவத் தெரியலன்னா, பேசாம கெடக்கிற ஒருத்தர் ஒடம்ப எப்டிக்கா கழுவுறது? அவங்க வாயத் தொறந்து கேக்கவா போறாங்க?” என்றாள்.

அப்படி ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் போனேன். ஒளு, குளிப்பு, தொழுகை, பிறகு நோன்பு. அரபி எழுத்துகளைச் சிறுமிகளோடு சேர்ந்து உரக்கச் சொன்னேன். ஒரு வருடத்தில் என் பட்டியலில் முப்பது வரிகூட அடிபடவில்லை. படிக்கப் படிக்க அடியில் புதிய வரிகள்தான் சேர்ந்தன. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிவிட்டேன். அலுவலகத்தில்கூட அப்படிச் சொல்ல ஆரம்பித்ததில் என் மேனேஜர் மனோகரன் கொஞ்சம் பயந்துபோனார்.

அம்மா தன் வஸிய்யத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது?

இறந்தவரைக் குளிப்பாட்டி வழியனுப்புகிற ஜனாஸா பாடம் கடைசியாக வந்தது. துணிப்பொம்மையை வைத்துப் பல நாள் பழகினோம். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பல்கீஸ் கூப்பிட்டாள். ஐயப்பன்தாங்கலில் ஒரு மய்யித், கூட வா என்றாள். விலாசம் சொன்னதும் யாரென்று தெரிந்துவிட்டது. ரஹமத் மாமி. அம்மாவுக்கு இதய டாக்டரிடம் காத்திருக்கும் பெஞ்சில் பழக்கமானவர். இருவரும் மாத்திரைப் பெயர்களை ஒப்பிட்டுக்கொள்வார்கள். போன மாதம்கூட அம்மாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருந்தார்.

அன்று முதல்முறையாக ஒரு மய்யித்தை என் கையால் குளிப்பாட்டினேன். பயமில்லை. “மாமி, கொஞ்சம் திரும்புங்க” என்று நானும் சொன்னேன். அந்த அறையில் நடந்ததில் இவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

படியிறங்கும்போது பல்கீஸ் என்னை நிறுத்தி, உள்ளே பார்த்த எதையும் வெளியே பேசக் கூடாது என்று நினைவுபடுத்தினாள். நல்லதைக்கூடவா என்று கேட்டேன். “நல்லதச் சொல்லலாம்னு கிதாபுல கீது. ஆனா நான் சொல்றதில்லக்கா. ஒருத்தருக்கு நல்லதச் சொல்லிட்டு, இன்னொருத்தருக்கு வாய மூடிகினு வந்தா, அதுவே சொன்ன மாதிரி ஆயிடும்” என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வரும்வரை பொறுத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

“மொகம் எப்படி இருந்துச்சு?”

எல்லோரும் கேட்கிற கேள்விதான். முகம் பிரகாசமாக இருந்ததா, சிரித்தாற்போல இருந்ததா என்று குளிப்பாட்டியவரிடம் கேட்டு மனதைத் தேற்றிக்கொள்வார்கள். ஆனால் அம்மா அதற்காகக் கேட்கவில்லை. அதே நோய், அதே டாக்டர், அதே மாத்திரை. ரஹமத் மாமியைக் கேட்கிற சாக்கில் தன்னைப் பற்றிக் கேட்டாள். கீரைக் காம்பைக் கிள்ளுகிற விரல் நின்றிருந்தது.

நல்லா இருந்துச்சும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. இன்னொரு நாள் இன்னொருவரைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வேன் என்றும் தோன்றியது.

“அதச் சொல்லக் கூடாதும்மா” என்றேன்.

எங்கிட்டயுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தூரத்து ஆளா நான், அவள் எனக்கு ஊறுகாய் கொடுத்தவள் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க எத்தன தடவ கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவங்க மொகம் அவங்களோட போகட்டும்” என்றேன்.

 அம்மா கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். கீரைத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஃபோனைக் கொடு என்றாள். பல்கீஸைக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டுக் கொடுத்தேன்.

“நான் ஹப்ஸாவோட அம்மா பேசுறேன். அன்னிக்கு உங்கிட்ட ஒண்ணு சொல்லி வச்சேன்ல, அத மாத்திக்கிறேன். நீ வரணும், வராம இருந்துறாத. வந்து தண்ணி மட்டும் ஊத்து. மத்தத எம்மக பாத்துக்குவா” என்றாள்.

அந்தப் பக்கம் பல்கீஸ் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தேன். அம்மா சரிம்மா, சரிம்மா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

“அணைஞ்சுருச்சான்னு பாரு” என்றாள். பிறகு உட்கார்ந்து மிச்சக் கீரையை ஆய ஆரம்பித்தாள்.