இடிவேந்தனின் மரண அறிவித்தலை ஏற்றுக்கொள்ளுமாறு…

1.

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. மாங்குளம் சந்தியில் பதாகை அச்சிடும் கடையொன்றில், கதிரையில் இருந்தபடி காதால் பொறுக்கியது. என்னுடைய நூல் வெளியீட்டு விழாப் பதாகையில் என் படம் பிரதம விருந்தினரின் படத்தைவிடச் சிறிதாக வந்துவிட்டது. அந்த அநீதியைத் திருத்துவதற்காகப் போயிருந்தேன். (நீண்ட தேடலின் விளைவு என்று முன்னுரையில் எழுதுவேன். நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.)

தொடக்கத்துக்கு மூன்று வசனங்கள் வைத்திருந்தேன்.

"பிரபஞ்சமே உறைந்துபோன அந்த வெள்ளிக்கிழமை…" பிரபஞ்சம் உறையவில்லை. வவுனியாவுக்கு வாடகை வான் பிடித்துப் படம் பார்க்கப் போன மாங்குளத்துப் பெடியள் உறைந்தார்கள்.

"உலக முதலாளித்துவத்தின் கனவுத் தொழிற்சாலையானது விளிம்புநிலை மனிதர்களின்…" இதை எழுதி முடித்தால் கருத்தரங்கில் தேத்தண்ணியும் வடையும் கிடைக்கும். கதை கிடைக்காது.

"நிஷாந்தன் சாப்பிடவில்லை." இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2.

நிஷாந்தன்தான் அந்தக் கடையின் முதலாளி, வடிவமைப்பாளர், கூட்டித் துடைப்பவர் எல்லாம். மாங்குளத்தில் ஒருத்தி பெரியபிள்ளையாவதும், ஒருவன் மணம் முடிப்பதும், ஒருவர் கண்மூடுவதும் அவனுடைய கணினி வழியாகத்தான் ஊருக்குத் தெரியவரும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவனுக்கு ஒரே தெய்வம் இடிவேந்தன்.*

(* உண்மைப் பெயர் வேறு. ஆங்கிலப் படம். இந்தப் பெயர் நான் வைத்தது. பாகம் பாகமாக வந்து, பறந்து, உலகத்தைக் காப்பாற்றுவார். காப்பாற்றிய உலகத்தில் மாங்குளம் இருந்ததா என்பதை எந்தப் பாகத்திலும் காட்டவில்லை.)

கடைசிப் பாகத்தின் கடைசிக் காட்சியில், வெடிக்கப்போன ஒரு சூரியனை இடிவேந்தன் கட்டிப்பிடித்தார். திரை முழுக்க வெளிச்சம். வெளிச்சம் அடங்கியபோது ஆளைக் காணவில்லை. பிறகு, படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள் கீழேயிருந்து மேலே ஓடத் தொடங்கின.

திரும்பி வரும்போது வானை ஓமந்தையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டியும் ஒருவரும் இறங்கவில்லை. சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாராம்: "என்ன தம்பியவை, ஆசுபத்திரியாலயோ வாறியள்?"

வீட்டில் நிஷாந்தனின் தாய் வீரம்மா சோற்றைப் போட்டு வைத்தார். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறி, எத்தனையோ சாவீடு கண்டவர். மகனின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"எவன்டா செத்தான்? நம்ம சொந்தமா?"

"இல்லம்மா. இடிவேந்தன்."

"எந்த ஊரு?"

நிஷாந்தன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்ததும் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் தட்டினான்.

3.

நான் போய் இருந்தபோது திரையை என் பக்கம் திருப்பினான். "அண்ணை, நீங்கள் எழுதிற ஆள். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

பதாகைக்கான மரண அறிவித்தல், மேலே இடிவேந்தனின் படம். ஏழாம் வானத்தைப் பிறப்பிடமாகவும் பூமியை வதிவிடமாகவும் கொண்ட அமரர் இடிவேந்தன் அவர்கள், கடந்த வெள்ளிக்கிழமை உலகைக் காத்து அகாலமரணமடைந்தார். அன்னார் எண்ணற்ற ரசிகர்களின் பாசமிகு அண்ணனும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

பகிடி செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. உடனே என் முகத்தை இலக்கிய முகமாக மாற்றி, "‘பாசமிகு’ நல்லாயிருக்கு" என்றேன். இந்தச் சம்பவம் முழுவதிலும் என் பங்களிப்பு அவ்வளவுதான்.

"நான் ஏற்றுக்கொள்ளேல்லை."

வாசலில் செந்தூரன் நின்றார். புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்பு நடத்தும் இரசாயன ஆசிரியர். தோளில் எந்நேரமும் ஒரு பை. பைக்குள் விடைத்தாள்களும், தன்னையே படம் பிடித்து யூரியூப்பில் போடுவதற்கு ஒரு தடியும் இருக்கும். அதே வானில் போய் அதே படம் பார்த்தவர்.

"ஆர் கண்டது அவர் செத்ததை?"

"சேர், நீங்களுந்தானே எனக்குப் பக்கத்துச் சீற்றில இருந்து மூக்குச் சிந்தினனீங்கள்."

"அது ஏசிக் குளிர்."

"அங்க ஏசி வேலை செய்யேல்லை, சேர்."

"விசயத்துக்கு வாரும். உடம்பைக் காட்டினவங்களோ?"

"வெளிச்சம் வந்தது. பிறகு ஆளில்லை."

"ஆளில்லை எண்டுறது வேற, செத்துப்போச்சு எண்டுறது வேற." செந்தூரன் சேரின் குரல் வகுப்புக் குரலாக மாறியது. "பேரெல்லாம் ஓடி முடிஞ்ச பிறகு ஒரு துண்டு வரும். எல்லாப் பாகத்திலயும் வந்தது. அதிலதான் உண்மை இருக்கும். எங்களுக்கு அதைக் காட்டினவங்களோ? பேர் ஓடத் தொடங்க முதலே லைற்றைப் போட்டு, அடுத்த காட்சிக்குக் கூட்டத் தொடங்கிட்டாங்கள்!"

"அந்தத் துண்டு இன்ரநெற்றில கிடக்காம் சேர்."

"கிடக்கு. நாலு விதமாக் கிடக்கு. ஒண்டில வாறார். ஒண்டில வரேல்லை. ஒண்டில பிடிபட்டு மறியலுக்கை இருக்கிறார். ஒண்டில தாடியோட வாறார். எது உண்மை, எது ஆரோ செய்துவிட்டது எண்டு ஆருக்குத் தெரியும்?"

இந்த இடத்தில் என் மனதுக்குள் ஒரு நகைச்சுவைக் கதை முழுதாக உருவாகிவிட்டது. இடிவேந்தன் இறந்தார் என்று ஓர் அணி, இறக்கவில்லை என்று ஓர் அணி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குச் சமையல், அதற்கு எதிராக உண்ணாவிரதம். தலைப்புக்கூட வைத்துவிட்டேன். அதை இப்போது சொல்லமாட்டேன். வெட்கமாக இருக்கிறது.

4.

கடையில் இன்னொருவரும் இருந்தார். எனக்குப் பக்கத்துக் கதிரையில்.

முரசுமோட்டையைப் பிறப்பிடமாகவும் மாங்குளத்தை வதிவிடமாகவும் கொண்ட சிவனேஸ்வரி அவர்கள்…

[அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் இப்படித் தொடங்குகிற வசனத்துக்குள் உயிரோடு இருப்பவர் எவரையும் வைக்க முடியாது.]

சிவனேஸ்வரி நெல் விதைக்கிறவர். ஒரே மகள் யதுர்ஷிகா. மகளின் திருமண அழைப்பிதழை அச்சுக்குப் போகுமுன் பார்த்துச் சரி சொல்ல வந்திருந்தார். மாதிரித் தாள் அவருடைய மடியில் இருந்தது. எனக்கு முதலே வந்தவர். நான் வந்து, என் படத்தைப் பற்றி விரிவுரை செய்து, செந்தூரன் சேர் வந்து, சண்டை முற்றிய பிறகும் அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். (எழுத்தாளர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதற்குக் கூர்ந்த அவதானிப்பு என்று பெயர்.) தாளில் இப்படி இருந்தது: "அமரர் தவராசா, சிவனேஸ்வரி தம்பதிகளின் ஏகபுத்திரி."

தவராசா அவருடைய கணவர். இறுதி யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில், சனத்தோடு சனமாக இராணுவம் கொண்டுவந்த ஒரு பஸ்ஸில் ஏறியவர். ஏறியதைச் சிவனேஸ்வரி கண்டார். இறங்கியதை ஒருவரும் காணவில்லை. மகள் அப்போது இடுப்பில். சிவனேஸ்வரியின் நெற்றியில் இன்னும் குங்குமம் இருக்கிறது. அந்தியேட்டி செய்யவில்லை. மரணப் பதிவு எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அமரர்" என்ற சொல்லை அவர் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் இராசேஸ்வரி கடைக்குத் தொலைபேசி எடுத்துப் போடச் சொன்னது.

கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டும் என்பதால் இராசேஸ்வரியைக் கெட்டவராக்க ஒரு பந்தி முயன்று பார்த்தேன். சரிவரவில்லை. சீதனம் ஒரு சதமும் வேண்டாம் என்று சொன்ன மனுசி. "பந்தலுக்கு வாற சனம் தகப்பன் எங்கை எண்டு கேட்டால் நாங்கள் என்னத்தைச் சொல்லுறது? அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் ஒருத்தரும் கேக்காயினம். போடாட்டில், நாங்களும் யோசிக்கத்தான் வேணும்" என்றுதான் சொல்லியிருந்தார். சீதனமாகக் கேட்டது அந்தச் சொல்லை மட்டும்.

யதுர்ஷிகாவுக்கு அந்தப் பையனை நல்ல விருப்பம். சிவனேஸ்வரிக்கும்தான். அதனால்தான் அவர் அந்தத் தாளை அவ்வளவு நேரமாக மடியில் வைத்திருந்தார். சரி என்று சொல்லிவிட்டுப் போக வந்தவர். சொல்ல வாய் வரவில்லை.

5.

"தம்பி," என்றார் சிவனேஸ்வரி.

தன்னைத்தான் என்று நினைத்துச் செந்தூரன் சேர் திரும்பினார்.

"உடம்பைக் காட்டேல்லையோ?"

சேருக்கு முகம் மலர்ந்தது. நெல் விதைக்கிற ஒரு மனுசி இடிவேந்தனைப் பற்றிக் கேட்கிறார்! "இல்லை அன்ரி! கொஞ்சமும் காட்டேல்லை. வெளிச்சம் மட்டும்தான்."

"அப்ப செத்தது எண்டு எழுதக்கூடாது, என்ன?"

"எழுதவே கூடாது. ஆதாரமில்லாமல் ஒருத்தரைச் சாகக்குடுக்கேலாது அன்ரி. இவன் நிஷாந்தன் அவசரக்காரன். பாத்தனீங்களே, அமரராம்!"

"எனக்கும் உப்பிடித்தான் சொன்னவை, தம்பி. ஒராள் மறியலுக்கை கண்டதெண்டார். ஒராள் தாடியோட கண்டதெண்டார்."

"எந்த வீடியோவில அன்ரி?"

சிவனேஸ்வரி எழும்பிப் போய் மாதிரித் தாளை நிஷாந்தனின் மேசையில் வைத்தார்.

"அப்ப, என்ரை அவரின்ரை பேருக்கு முன்னாலை கிடக்கிறதையும் எடுத்துவிடு மோனை."

[இங்கே "அதிர்ச்சி" என்ற சொல்லைப் போட வேண்டும். முந்திய பிரதியில் அதை இடிவேந்தனுக்காக எல்லா இடத்திலும் இறைத்துவிட்டேன். வானில் அதிர்ச்சி, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அதிர்ச்சி. தேவைப்பட்ட நேரத்தில் கையில் ஒன்றும் இல்லை. முன்னுக்கு இருந்ததையெல்லாம் போய் அழித்துவிட்டு வந்தேன். அப்படியும் இங்கே அது போதவில்லை.]

செந்தூரன் சேருக்கு விளங்கிவிட்டது. தோளிலிருந்த பையை நிலத்தில் வைத்தார். பிறகு ஏனோ திரும்பத் தூக்கினார். நிஷாந்தன் தாளைப் பார்த்தான், திரையில் தான் தட்டிய இடிவேந்தனைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். இரண்டையும் ஒரே கையால், ஒரே காலையில் தட்டியவன். நான் என் பதாகையில் என் படத்தைப் பார்த்தேன். அது இன்னும் பெரிதாகிக்கொண்டே போவதுபோல இருந்தது.

"அன்ரி… மாப்பிள்ளை வீட்டில…"

"அவாவுக்கு நான் சொல்லுறன்."

நிஷாந்தன் கணினியில் அழைப்பிதழை எடுத்து, அந்தச் சொல்லை அழித்தான். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னுக்கிருந்து போனது. தவராசாவின் பெயருக்கு முன்னால் சின்னக் கோடொன்று விட்டுவிட்டு மின்னியது.

"வேற என்ன போட, அன்ரி? திரு எண்டு போடட்டோ?"

சிவனேஸ்வரி யோசித்தார். யோசித்துக்கொண்டே செந்தூரன் சேரைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, அந்தப் பேரெல்லாம் ஓடி முடிய எவ்வளவு நேரம் செல்லும்?"

சேருக்கு வகுப்புக் குரல் வரவில்லை. "கனநேரம் செல்லும் அன்ரி. அதுதான் ஒருத்தரும் இருந்து பாக்கிறேல்லை."

"நான் இருப்பன்," என்றார் சிவனேஸ்வரி.

அப்போது மேசையிலிருந்த நிஷாந்தனின் தொலைபேசி அடித்தது. திரையில் "இராசேஸ்வரி அன்ரி". நிஷாந்தன் எங்களைப் பார்த்தான். சிவனேஸ்வரி கையை நீட்டி அதை வாங்கினார்.

"ஓம் சம்பந்தி, நான்தான்…"

6.

முடிவுகள்.

(அ) இராசேஸ்வரி மனம் மாறி, தொலைபேசியிலேயே அழுது, "திரு எண்டே போடுங்கோ" என்கிறார். எழுதி முடித்ததும் எனக்கே வாய் இனித்தது. எறும்பு வரும் என்று அழித்தேன்.

(ஆ) கல்யாணம் நிற்கிறது. கருத்தரங்குக்காரருக்கு இது பிடிக்கும். யதுர்ஷிகாவுக்குப் பிடிக்காது. கல்யாணம் கருத்தரங்குக்காரருடையது அல்ல.

(இ) மேளம் கொட்டுகிற நேரத்தில், பந்தல் வாசலில், தாடியோடு ஒருவர்…

இந்த வசனத்தை நான் முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டேன். சிவனேஸ்வரி இதை வாசித்தால், முடியாத வசனத்தைத் தாங்குவார். நான் முடித்த வசனத்தைத் தாங்கமாட்டார்.

7.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சிவனேஸ்வரி தொலைபேசியோடு வெளியே போய், ஏ ஒன்பது வீதியோரம் நின்று கதைத்தார். இடையில் லொறிகள் போயின. கண்ணாடிக்குள்ளால் எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும்தான். "ஓம்" என்றாரா, "இல்லை" என்றாரா, எவ்வளவு எட்டிப் பார்த்தும் தெரியவில்லை. நிஷாந்தன் கை விசைப்பலகையில் இருக்க, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இடைவெளியில் இன்னொன்று செய்தான். இடிவேந்தனின் பதாகையில் இருந்த எழுத்தையெல்லாம் அழித்தான். படமும் பெயரும் மட்டும் மிச்சம். செந்தூரன் சேர் தலையாட்டினார். அந்தப் பதாகை இப்போதும் மாங்குளம் சந்தியில் தொங்குகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் எந்தக் கட்சி வேட்பாளர் என்று கேட்கிறார்களாம்.

என் பதாகையை வாங்காமல் வந்துவிட்டேன்.

வாசகரே, இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்ததுபோல் தெரியும். நீங்கள் எழும்பத் தயாராவீர்கள். யாரோ ஒருவர் விளக்குமாற்றோடு வாசலில் நிற்பார். அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டது என்பார். தயவுசெய்து லைற்றைப் போட விடாதீர்கள். சிவனேஸ்வரி இன்னும் வீதியோரம்தான் நிற்கிறார். அந்த மே மாதத்தில் பஸ்ஸில் ஏறியவர்களின் பெயர்கள் இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கின்றன.

தவராசா.

அடுத்த பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் சொல்லுங்கள்.